அடுத்து என்று ஒரு பட்டன்

புது மென்பொருளை நிறுவ திருச்சியிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். என் பழைய டேட்டாபேஸிலிருந்து நோயாளிகளின் விவரங்களை எடுத்துத் தங்கள் மென்பொருளுக்குள் மாற்றுவது அவர்கள் வேலை. பெரம்பலூரில் இருக்கும் இந்தக் கண் மருத்துவமனையில் எனக்கு மிச்சமிருந்த கடைசி வேலை, அவர்களுக்கு உதவுவது. அவர்களில் ஒருவர் பெயர் விக்னேஷ். படிப்பு முடித்த சூடு ஆறாதவர். என் பதிவு ஃபார்மைத் திறந்து வைத்துக்கொண்டு மேலும் கீழும் பார்த்தார். பிறகு தயங்கிக்கொண்டே கேட்டார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இதுல நெக்ஸ்ட் பட்டனே இல்லையே. வைக்க மறந்துட்டீங்களா?"

"மறக்கல. எடுத்துட்டேன்."

"ஏங்க்கா? அது இல்லாம ஒரு ஃபார்ம நான் பார்த்ததே இல்ல."

எழுதித் தருகிறேன் என்றேன். வாயால் சொன்னால் நடுவில் எதையாவது விட்டுவிடுவேன். எதையும் வரிசைப்படுத்தித் தாளில் இறக்கினால்தான் எனக்கு நிம்மதி.

பணி ஓய்வு பெறுபவர்கள் இப்படி எழுதுவதுண்டு. எனக்கு முப்பத்து நான்கு வயதுதான். ஓய்வு பெறுவது நான் செய்த டேட்டாபேஸ். அது போகும்போது அதைப் பார்த்துக்கொள்ளப் போட்டிருந்த மேசையும் நாற்காலியும் கூடவே போகின்றன. ஆகவே எனக்கும் சேர்த்துத்தான்.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வீடு அரியலூரில், கல்லங்குறிச்சி ரோட்டில். கணினி அறிவியல் படித்தேன். உடன் படித்தவர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போனார்கள், நான் தினமும் காலையில் பெரம்பலூர் பஸ் ஏறினேன். கணினிப் பிரிவு என்று ஒரு பலகை இருந்தது. அந்தப் பிரிவில் இருந்தது நான் ஒருத்திதான். வந்த முதல் வருடத்திலேயே நோயாளிகளின் விவரங்களுக்கு ஒரு டேட்டாபேஸ் செய்து கொடுத்தேன்.

அது எப்படி வேலை செய்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்தது அப்போதுதான் புரியும்.

ஒவ்வொரு நோயாளிக்கும் திரையில் ஓர் அட்டை. அட்டைக்கு இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் பெயர், வயது, ஊர், போன் நம்பர். இதைப் பதிவு மேசையில் நிரப்புவார்கள். இரண்டாம் பக்கத்தில் எந்தக் கண்ணில் அறுவை, உள்ளே வைக்கும் லென்ஸின் பவர் எவ்வளவு என்ற விவரம். இதை அளவு அறையில் நிரப்புவார்கள். அறுவை நாளன்று காலையில் இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஒரு பட்டியல் அச்சாகும். அந்தத் தாளைப் பார்த்துத்தான் வார்டில் நர்ஸ், நோயாளியின் நெற்றியில், அறுவை செய்யவேண்டிய கண்ணுக்கு நேர் மேலே, ஊதா மையில் குறி போடுவார்.

திரையில் அட்டைகள் பதிவான வரிசையில் அடுக்கியிருக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகர ஃபார்மின் அடியில் நான்கு பட்டன்கள்: ஃபர்ஸ்ட், ப்ரீவியஸ், நெக்ஸ்ட், லாஸ்ட். தனியாக, மஞ்சள் நட்சத்திரம் போட்ட இன்னொரு பட்டன். அதை அழுத்தினால் வெற்று அட்டை வரும், புது ஆளைப் பதியலாம்.

இந்த வகை டேட்டாபேஸுக்கு ஒரு குணம் உண்டு. ஓர் அட்டையில் எதையாவது மாற்றிவிட்டு நகர்ந்தால், மாற்றியது தானாகவே பதிந்துவிடும். அது ஆபத்து என்று எனக்கும் தெரியும். அதனால் நகரும்போது ஒரு பெட்டி வந்து கேட்கும்படி செய்திருந்தேன்: 'மாற்றத்தைச் சேமிக்கலாமா? ஆம், இல்லை.' கேட்டுவிட்டுச் செய்தால் தவறு நடக்காது என்று நம்பியிருந்தேன்.

பதிவு மேசையில் உட்கார்ந்திருந்தவர் ஜெசிந்தா அக்கா. வரதராஜன்பேட்டைக்காரர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். அதற்கு முன் ஒரு டாக்டர் வீட்டுக் கிளினிக்கில் டோக்கன் கொடுத்து ஆட்களை உள்ளே அனுப்பும் வேலை. கேட்டில் நிற்பவருக்கும் கேட்கும் குரல். "அடுத்து! அடுத்து யாரு, வாங்க!" என்று அவர் கூப்பிட்டால், தூங்கிக்கொண்டிருப்பவர்களும் எழுந்து வரிசைக்கு வந்துவிடுவார்கள்.

கணினி என்றால் அவருக்கு ஆகாது. "இத்தன வருசம் பேனா புடிச்ச கை. இந்த எலிக்குஞ்சப் புடிச்சா வழுக்கிட்டு ஓடுது" என்பார். ஆங்கிலத்தில் இருந்த நான்கு பட்டன்களையும் அவர் தொட்டதே இல்லை. மஞ்சள் நட்சத்திரம் ஒன்றுதான் அவருக்குத் தெரிந்த வழி. ஒருநாள், "ஏன் நித்யா, எல்லாத்தையும் தமிழ்ல எழுதிவுட்டா என்னா? உன் மெசினு கோவிச்சுக்குமா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. அந்த வாரமே எழுதிவிட்டேன். முதல், முந்தைய, அடுத்து, கடைசி. நட்சத்திரத்தின் மேல் 'புதிய பதிவு'. தலைமை மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, "நல்லாருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் முறை. ஜெசிந்தா அக்காவோ திரையைத் துடைத்து ஓரத்தில் சந்தனப் பொட்டு வைத்தார். "இப்பத்தான் இது நம்ம வூட்டு மெசினு" என்றார். அன்றிலிருந்து அவர் வேகம் கூடியது. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வரிசை கரைந்தது.

தலைமை மருத்துவர் டாக்டர் பரிதாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். அளவு அறைப் பெண்ணை 'ஸ்கேல்' என்பார், என்னை 'கம்ப்யூட்டர்' என்பார். நிற்கவைத்துக் கேள்வி கேட்பார். பதில் நீண்டால் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். ஆனால் அறுவைக்கு முன் அவர் செய்யும் ஒரு காரியம் மட்டும் ஒருநாளும் மாறியதில்லை. தியேட்டர் கதவுக்கு வெளியே, கையுறை போடுவதற்கு முன், நோயாளி முன்னால் வந்து நிற்பார். தாளைப் பார்க்க மாட்டார். குறியைப் பார்க்க மாட்டார். "எந்தக் கண்ணுங்க? தொட்டுக் காட்டுங்க" என்பார். நோயாளி விரலை எடுத்துத் தொடும்வரை அசைய மாட்டார். அத்தனை பேர் சரிபார்த்த பிறகு இது எதற்கு என்று தியேட்டர் நர்ஸ்கள் முணுமுணுப்பார்கள். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நிமிடம் வீண் என்று நானும் நினைத்ததுண்டு.

பட்டன்கள் தமிழுக்கு மாறிச் சில வாரங்கள் கழித்து ஒரு காலை, என் அறையின் போன் அடித்தது.

"கம்ப்யூட்டர். மேல வா. லிஸ்ட்டோட வா."

மாடிக்குப் போனேன். தியேட்டர் கதவுக்கு வெளியே சக்கர நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளை மயிர், பச்சை கவுன், தலையில் பச்சைத் தொப்பி. வலது கண்ணுக்கு மேலே ஊதாக் குறி. அந்தக் கண்ணின் இமை தொங்கியிருந்தது. அறுவைக்கு முன் கண்ணைச் சுற்றிப் போடும் மரப்பு ஊசியைப் போட்டிருந்தார்கள். அவருடைய சுட்டுவிரல் இடது கண்ணின் மேல் இருந்தது.

"இதுதாம்மா. இதுலதான் ஒண்ணுமே தெரியல. அந்தக் கண்ணு நல்லாத்தானே இருந்துச்சு. இப்ப ரெண்டும் தெரியலியே. லைட்டப் போடச் சொல்லுங்கம்மா."

தலைக்கு மேல் டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது.

டாக்டர் பரிதா, "யா அல்லா" என்றார். சத்தமாக அல்ல. அவர் கை சக்கர நாற்காலியின் பிடியில் இருந்தது. நான் நீட்டிய தாளை வாங்கி, பெயரைப் படித்தார். "ஆரோக்கியசாமி, ஏலாக்குறிச்சி. வலது கண். இது உன் லிஸ்ட்டா?"

"ஆமா டாக்டர்."

"எனக்கு உன் லிஸ்ட் வேணாம்." தாளை நான்காக மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு நர்ஸிடம் திரும்பி, "இன்னைக்கு யாரும் உள்ள போகக்கூடாது. வார்டுல இருக்கிற ஒவ்வொருத்தரையும் தொட்டுக் காட்டச் சொல்லு. நீ கேட்டுத் தலையாட்ட வைக்காதே" என்றார்.

ஆரோக்கியசாமியின் மகள் ஓடி வந்தார். மரியா, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அப்பாவின் முன்னால் குனிந்து தன் முகத்தைக் காட்டினார். "அப்பா, என்னைத் தெரியுதா?" பெரியவர், குரல் வந்த திசையில் கையை நீட்டித் தடவி, மகளின் காதைப் பிடித்தார்.

"என்னா மேடம் பண்ணுனீங்க? எங்கப்பா பஸ் நம்பரைப் படிச்சு, தானா ஏறி வந்தாரு. இந்தக் கண்ணாலதான் அவரு வயலுக்குப் போறாரு, ஜெபப் புத்தகம் படிக்கிறாரு, எல்லாம். சரியில்லாத கண்ணைச் சரி பண்ணுங்கன்னு கூட்டியாந்தா நல்லா இருந்த கண்ணையும் புடுங்கிட்டீங்களா?"

டாக்டர் அவரிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. ஊசியை மாற்றிப் போட்டுவிட்டோம், கத்தி படவில்லை, மரப்பு விட்டதும் பார்வை திரும்பிவிடும், சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும் என்றார்.

"திரும்பலன்னா?"

அரிதாக, மிக அரிதாக, ஊசியால் உள்ளே இரத்தம் கசிவதுண்டு என்றும் சொன்னார். சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம் என்று எனக்குப் பட்டது.

கீழே இறங்கும்போது, நான் எப்போதும் செய்வதைப் போல மனதுக்குள் வரிசை போட்டேன்.

ஒன்று, பட்டியல் தவறு. இரண்டு, பட்டியலைப் பார்த்து நர்ஸ் குறி போட்டார், "இந்தக் கண்ணுதானே அய்யா?" என்று கேட்டார், ஆரோக்கியசாமி தலையாட்டினார். மூன்று, ஊசி போட்டவரும் அதையே கேட்டார்; அதற்கும் தலையாட்டினார். ஏன் ஆட்டினார் என்று பிறகு அவரிடமே கேட்டேன். "நர்ஸம்மாவுக்குத் தெரியாததா எனக்குத் தெரியும்? மொதல்ல இந்தக் கண்ணைக் கழுவிட்டு அப்புறம் அதுக்கு வருவாங்கன்னு நெனச்சேன்" என்றார். 'ஆம், இல்லை' என்று கேட்கப்பட்ட இரண்டு இடத்திலும் தப்பு உள்ளே புகுந்துவிட்டது. தொடச் சொன்ன இடத்தில் மட்டும் மாட்டிக்கொண்டது.

திரையில் ஆரோக்கியசாமியின் அட்டையைத் திறந்தேன். முதல் பக்கம் சரி. பெயர், ஊர், மகளின் போன் நம்பர் எல்லாம் சரி. இரண்டாம் பக்கத்தில் வலது கண், லென்ஸ் பவர் இருபத்தொன்றரை. ஆனால் அவர் ஊரில் நடந்த கண் முகாமில் கொடுத்த சீட்டில், டாக்டரின் கையெழுத்தில் தெளிவாக இடது என்று இருந்தது. அளவு அறைப் பெண்ணைக் கேட்டேன்.

"நான் அவரை அளக்கவே இல்ல நித்யா. தொறந்து பார்த்தேன், ரெண்டாம் பக்கம் நெறஞ்சிருந்துச்சு. பக்கத்து ரூம்ல அளந்துட்டாங்கன்னு வார்டுக்கு அனுப்பிட்டேன்."

பக்கத்து அறையில் யாரும் அளக்கவில்லை. அளக்காத கண்ணுக்கு அளவு எங்கிருந்து வந்தது? டேட்டாபேஸ் தானாக எண்களைக் கற்பனை செய்யாது. நான் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தபோது, வாசலில் ஒரு சண்டை.

"யோவ், நான் உசுரோட உன் முன்னாடி நிக்கிறேன். உங்க மெசினு என்னை இல்லைங்குது. அரும்பாவூர்ல எனக்கு ஓட்டு இருக்கு, ரேசன் கார்டு இருக்கு, பொண்டாட்டி இருக்கா. இங்க மட்டும் நான் இல்லையா?"

வாட்ச்மேனிடம் கத்திக்கொண்டிருந்தவர் சின்னசாமி. அறுவைக்காக அன்று வரச் சொல்லியிருந்தார்கள். துணிப்பையில் மாற்று வேட்டி, சோப்பு, டம்ளரோடு வந்திருக்கிறார். பட்டியலில் அவர் பெயர் இல்லை. தேடினால் அட்டையும் இல்லை. பேசாமல் ஊருக்குப் போங்கள், போன் செய்கிறோம் என்று வாட்ச்மேன் சொல்லியிருக்கிறார்.

"அய்யா, உங்க சீட்டக் காட்டுங்க" என்றேன்.

மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அளவு அறைச் சீட்டு, முந்தைய வாரத்தியது. வலது கண். இருபத்தொன்றரை.

சின்னசாமியின் அட்டை அழியவில்லை. அதன் முதல் பக்கத்தில் ஆரோக்கியசாமி ஏறி உட்கார்ந்திருந்தார். ஒரு மனிதரின் பெயருக்கு அடியில் இன்னொரு மனிதரின் கண் இருந்தது.

"என்னா பாப்பா, நான் இருக்கனா இல்லியா?" என்றார் சின்னசாமி.

"இருக்கீங்க. உக்காருங்க. ஊருக்குப் போயிடாதீங்க."

நேரே பதிவு மேசைக்குப் போனேன். வரிசை நீளமாக இருந்தது. ஜெசிந்தா அக்காவுக்கு மாடியில் நடந்தது எதுவும் இன்னும் எட்டவில்லை. அவரிடம் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் எல்லோரையும் போல, "ஒண்ணும் பண்ணலியே" என்றுதான் சொல்வார். அதனால் வேறு மாதிரி கேட்டேன்.

"அக்கா, நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க. நான் பின்னாடி நிக்கிறேன். இல்லைன்னு நெனச்சுக்குங்க."

"மூச்சு என் கழுத்துல படுது. எப்புடி இல்லைன்னு நெனக்கிறது? என்னா, சம்பளத்துல கை வைக்கப் பாக்குறாங்களா?" என்று சிரித்தார். வேலை தொடர்ந்தது.

ஒருவரைப் பதிந்தார். முடிந்ததும் தலையைத் தூக்கி, "அடுத்து! வாங்க" என்றார். சொல்லும்போதே விரல் 'அடுத்து' பட்டனை அழுத்தியது. பெட்டி வந்து சேமிக்கலாமா என்று கேட்டது. படிக்காமலே 'ஆம்'. வெற்று அட்டை வந்தது. அடுத்தவரைப் பதிந்தார். மறுபடி "அடுத்து!", மறுபடி விரல், மறுபடி 'ஆம்', வெற்று அட்டை. 'புதிய பதிவு' பட்டனை அவர் தொடவே இல்லை. ஆனாலும் இதுவரை தவறு எதுவும் நடக்கவில்லை. கடைசி அட்டையில் நின்றுகொண்டு 'அடுத்து' அழுத்தினால், அதற்குப் பின்னால் எதுவும் இல்லாததால், வெற்று அட்டைதான் வரும். தமிழில் எழுதிய நாளிலிருந்து அவர் அப்படித்தான் பழகியிருக்கிறார். அதனால்தான் வேகம் கூடியிருக்கிறது.

அப்போது மீன்சுருட்டியிலிருந்து வந்த ஓர் அம்மா, போன் நம்பர் மாறிவிட்டது என்றார். ஜெசிந்தா அக்கா அவருடைய பழைய அட்டையைத் தேடி எடுத்து, நம்பரைத் திருத்தினார். அந்த அம்மா நகர்ந்தார்.

"அடுத்து! வாங்கய்யா, முன்ன வாங்க."

விரல் 'அடுத்து' மேல் இறங்கியது. 'ஆம்.' இந்த முறை வந்தது வெற்று அட்டை அல்ல. பழைய அட்டைக்கு அடுத்து இருந்த, வேறு யாரோ ஒருவருடைய நிரம்பிய அட்டை. அவர் கொஞ்சமும் திகைக்கவில்லை. பெயர் இருந்த இடத்தில் கையை வைத்துத் தடதடவென்று அழிக்கத் தொடங்கினார்.

"அக்கா! என்ன பண்றீங்க?"

"என்னாத்தப் பண்றேன்? சில நேரம் இப்புடித்தான், பழசு போவாம நிக்கும். நாமதான் அழிச்சுவுட்டு எழுதணும். ஸ்கூல்ல போர்டு அழிக்கிற மாதிரி."

எட்டி எஸ்கேப்பை அழுத்தினேன். அழிந்த பெயர் திரும்பி வந்தது.

"அக்கா, அது பழசு இல்ல. அது வேற ஒரு ஆளு."

"வேற ஆளா? வேற ஆளு இதுக்குள்ள எப்புடி வந்தான்?"

"நீங்கதானே அடுத்துன்னு அமுத்துனீங்க."

"ஆமா, அமுத்துனேன். அடுத்த ஆளு இவருதானே?" வரிசையில் முதலில் நின்றவரைக் காட்டினார். "இங்கதான நிக்கிறாரு, கண்ணு முன்னாடி!"

நான் எழுதிய 'அடுத்து' கணினிக்குள் அடுக்கியிருக்கும் அட்டைகளைப் பார்த்துச் சொன்னது. அவர் படித்த 'அடுத்து' மேசைக்கு முன்னால் நின்ற மனிதர்களைப் பார்த்துச் சொன்னது. நாள் முழுக்க வாயால் சொல்லும் சொல்லை நான் அவர் விரலுக்கடியில் கொண்டுபோய் வைத்திருக்கிறேன். ஆங்கிலத்தில் இருந்தவரை அவர் அந்தப் பட்டனுக்குப் பயந்தார். அந்தப் பயம்தான் அதுவரை எல்லோருடைய கண்ணையும் காப்பாற்றி வந்திருக்கிறது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். அவர் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "மாதாவே" என்றார். பிறகு மிக மெதுவாக, கேட்டில் நிற்பவருக்குக் கேட்கும் அந்தக் குரலா இது என்று நினைக்கும்படி, "அப்ப நான் எத்தன பேர அழிச்சேன் நித்யா?" என்றார்.

அதைத்தான் அன்று மதியம் முழுக்கத் தேடினோம். அறுவைக்குக் காத்திருந்த அத்தனை பேருடைய காகிதச் சீட்டையும் மேசையில் பரப்பினோம். அக்கா சீட்டைப் படித்தார், நான் அட்டையைப் படித்தேன். பெயரில் தொடங்கிக் கண்ணில் முடிக்காமல், கண்ணில் தொடங்கிப் பெயருக்கு வந்தோம். இன்னும் இரண்டு அட்டைகள் சிக்கின. இருவரும் அறுவைக்குப் பெயர் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தார்கள். அக்கா சொன்னது: "இவங்க சாப்புட்டுட்டு நிம்மதியா தூங்கிட்டிருப்பாங்க. நான்தான் இனிமே தூங்க மாட்டேன்." தமிழ்ப் பட்டன் வந்த நாளுக்குப் பிறகு அறுவை முடிந்தவர்களின் சீட்டுகளையும் டாக்டர் எடுக்கச் சொன்னார். அவற்றில் எதுவும் மாறியிருக்கவில்லை. கடைசிச் சீட்டையும் சரிபார்த்துவிட்டு, முதல் சீட்டிலிருந்து மறுபடி ஒருமுறை பார்த்தேன்.

மாடிக்குப் போனேன். ஆரோக்கியசாமி கட்டிலில் சாய்ந்திருந்தார். மரியா பக்கத்தில் அமர்ந்து அவர் கையைப் பிடித்திருந்தார். நான் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். மரியா என்னைப் போகச் சொல்லவில்லை. சாப்பாடு வந்தது. சோறு எங்கே, குழம்பு எங்கே என்று மகள் சொல்லச் சொல்ல அவர் தடவி எடுத்துச் சாப்பிட்டார். "எம்மா, வூட்டுல உங்கம்மாகிட்ட சொல்லிறாத" என்றார் நடுவில்.

வெயில் இறங்கத் தொடங்கியபோது டாக்டர் பரிதா வந்தார். இமையை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு எட்டி நின்று கையைத் தூக்கினார்.

"எத்தன வெரல்?"

"தெரியலம்மா. வெள்ளையா என்னமோ ஆடுது."

டாக்டர் போனார். மீண்டும் வந்தார்.

"இப்ப?"

ஆரோக்கியசாமி தலையைச் சாய்த்து உற்றுப் பார்த்தார். "ரெண்டு." கொஞ்சம் பொறுத்து, "ஒரு வெரல்ல மோதிரம். பச்சைக் கல்லு" என்றார்.

டாக்டர் கையை இறக்கிவிட்டு, மோதிர விரலை மறு கையால் மூடிக்கொண்டார். பின் மரியாவிடம் போய் நேராக மன்னிப்புக் கேட்டார். மரியா, "எங்கப்பாவ வூட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு அறுவை எதுவும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. மக்காச்சோளம் அறுப்பு முடிந்த பிறகு அவர்கள் மறுபடி வந்தார்கள். அறுவை செய்தோம், இடது கண்ணில். பதிவு மேசையில் தொடங்கி தியேட்டர் கதவு வரை, யாரும் கேட்பதற்கு முன்பே அவர் விரல் இடது கண்ணுக்குப் போய்விட்டது.

சின்னசாமிக்கு மறுநாளே அறுவை நடந்தது. "என்னைக் கண்டுபுடிச்சீங்களா, இல்ல வேற ஆள அறுக்கப் போறீங்களா?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே போனார்.

நான் ஃபார்மைப் புதிதாகச் செய்தேன். டாக்டர் கூப்பிட்டு, "தமிழ எடுத்துட்டு இங்கிலீஷே வச்சிடு" என்றார். முடியாது என்றேன். அவரிடம் முடியாது என்று சொன்னது அந்த ஒரு முறைதான். பயத்தை மறுபடி கொண்டுவந்து காவலுக்கு வைக்க எனக்கு விருப்பமில்லை. நான்கு பட்டன்களையும் எடுத்துவிட்டேன். அட்டைக்கு அட்டை தாவிப் போகும் வேலை பதிவு மேசையில் யாருக்கும் இல்லை. எல்லா ஃபார்மிலும் இருக்கிறதே என்றுதான் வைத்திருந்தேன். முதல் திரையில் இரண்டே பட்டன்: 'புது ஆள்', 'ஏற்கெனவே வந்த ஆள்'. பழைய அட்டை திறந்தால் பூட்டியே இருக்கும், படிக்கலாம், அழிக்க முடியாது. திருத்த வேண்டுமானால் நோயாளியின் கையில் இருக்கும் சீட்டைப் பார்த்து அதன் எண்ணைத் தட்ட வேண்டும். ஒவ்வொருவரையும் முடித்ததும் திரை தானாக முதல் இடத்துக்கே வந்துவிடும். 'ஆம், இல்லை' பெட்டியை ஒழித்தேன்.

எந்தக் கண் என்பதற்கு ஒரு முகத்தை வரைந்து, கண்ணைத் தொட்டால் போதும் என்று செய்து பார்த்தேன். வரைந்த முகம் நம்மைப் பார்த்திருப்பதால் அதன் வலது கண் நமக்கு இடப்பக்கம் இருந்தது. ஜெசிந்தா அக்காவும் வார்டு நர்ஸும் அதன் முன் நின்று போட்ட சண்டையில் அந்தப் படத்தையும் தூக்கிவிட்டேன். அக்கா சொன்னபடி, 'வலது' என்பதற்குப் பக்கத்தில் 'சோத்தாங்கைப் பக்கம்' என்று எழுதினேன். டாக்டர் அதைப் படித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார். அவர் செய்த மாற்றம் வேறு. தொட்டுக் காட்டச் சொல்வதை ஊசிக்கு முன்னால் கொண்டுவந்தார்.

விக்னேஷ் என்னிடம் கேட்டதற்குப் பதில் இவ்வளவுதான் என்று இங்கேயே முடித்திருப்பேன். ஆனால் நேற்று அவர்கள் புது மென்பொருளைப் பதிவு மேசையில் ஓட்டிப் பார்த்தார்கள். ஜெசிந்தா அக்கா இப்போது பதிவுப் பிரிவுக்கே பொறுப்பாளர். மேசையில் உட்காருவது போன மாதம் சேர்ந்த கௌசல்யா என்ற பெண். அழகான திரை. பெரிய எழுத்து. அடியில் பச்சை நிறத்தில் ஓர் அம்புக்குறி.

"பாருங்கக்கா, நாங்களும் தமிழ்லயே வச்சிட்டோம்" என்றார் விக்னேஷ் சந்தோஷமாக.

அம்புக்குறியின் மேல் 'அடுத்து' என்று எழுதியிருந்தது.

நான் சொல்வதைவிட அவரே பார்க்கட்டும் என்று ஒதுங்கி நின்றேன். எழுதிக்கொண்டிருந்த இந்தத் தாள்கள் என் கைப்பையில் இருந்தன. கௌசல்யா ஒரு பழைய நோயாளியின் அட்டையை எடுத்து முகவரியைத் திருத்தினாள். அவர் நகர்ந்தார். அவள் திரைக்கு மேலாக வரிசையைப் பார்த்தாள்.

"அடுத்து, வாங்கம்மா."

விரல் பச்சை அம்பின் மேல் இறங்கியது. திரை மாறியது. அவள் கை பெயர் இருந்த இடத்துக்குப் போனது.

"தொடாதடி!"

ஜெசிந்தா அக்கா பின்னாலிருந்து பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். கௌசல்யாவுக்கு எதுவும் புரியவில்லை, கண் கலங்கிவிட்டது. அக்காவின் கை அவள் மணிக்கட்டை விடவில்லை.

விக்னேஷ் குனிந்து திரையைப் பார்த்தார். அதில் ஒரு பெயர் இருந்தது. பிறகு நிமிர்ந்து, வரிசையின் முன்னால் நின்ற அம்மாவிடம், "உங்க பேரு என்னங்கம்மா?" என்று கேட்டார்.

அந்த அம்மா சொன்ன பெயர் வேறு.